அந்த டிக் டிக் எங்கிருந்து?

மார்ச் 2, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. கிழக்கிலிருந்து காற்று, வாயைத் திறந்தால் மண். தொண்டை கரகர. உப்பு வெந்நீர் கொப்பளித்தேன், பலனில்லை.

பால் சொசைட்டியில் ஆள் அதிகம், பால் குறைவு. இந்த வெயிலில் மாடுகளுக்கும் மனசில்லை போல. நான் லாக்டோமீட்டரைப் பாலில் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அளந்து ஊற்றும் சரசக்கா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன் அம்மிணி, நேத்து உங்கூட்டுக்காரரு கோயில் வீதியவே கூட்டிப்போட்டாராமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் தூக்குவாளிக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஹாரன் ஒயரு ஒட்டிக்கிட்டுக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல.

நேற்று எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். சாயங்காலம் அவர் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போனார். மாரியம்மன் கோயில் திருப்பத்தில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்ததும் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருக்கிறது. நிற்கவே இல்லை. ஊரே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. சனங்கள் வாசலுக்கு வந்து நிற்கவும், வண்டியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே போயிருக்கிறார். எதிரே வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து திட்டினாராம். அவரைப் பார்த்தும் சிரித்தாராம்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "ஹாரன். கோயிலில் இருந்தே." படித்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. விளக்கு வைக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, அந்தச் சன்னக் குரலில்:

"உன்ற தம்பிக்கு ஃபோனப் போடு புள்ள. அந்த ரிசார்ட்காரன வரச் சொல்லு. காது கேக்காதவனுக்கு வண்டி எதுக்கு."

தம்பி தங்கராசு மலைமேல், என் பிறந்த ஊரான பள்ளிவாசலில், தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறான். அங்கே மேலே ஒரு ரிசார்ட்டில், வாசலில் நிறுத்திவைக்கப் பழைய கார் தேடுகிறார்கள். விருந்தாளிகள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்க. தீபாவளிக்கே இதைச் சொன்னான். "என்ற வண்டி என்ன கொலு பொம்மையா?" என்று இவர் அப்போது ஒரு வாரம் பேசவில்லை. இப்போது தானே கேட்கிறார்.

போன் போட்டுச் சொன்னேன். தங்கராசு ரிசார்ட்டில் கேட்டுவிட்டு உடனே திருப்பிக் கூப்பிட்டான். "யக்கா, ஞாயித்துக்கெழம மானேஜரு வாராரு. நல்லாத் தொடச்சு மட்டும் வையி. ஓடலைன்னாலும் பரவால்லைங்காரு."

இதை எழுதிக் காட்டியதும் அவருக்கு மூக்கு விடைத்தது. "ஓடாத வண்டிய நாங் குடுக்கமாட்டேன். எல்லாத்தையும் சரி பண்ணித்தான் குடுப்பேன்."

ஆக ஒரு வாரம் இருக்கிறது. எனக்கு அந்த வண்டி போகக்கூடாது. வண்டிக்காக இல்லை. ரோட்டோரத்து ஒர்க்‌ஷாப்பை மூடிய பிறகு காலையில் அவர் எழுந்திருப்பது இந்த ஒன்றுக்காகத்தான். இதுவும் போனால் கூடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான் மிச்சம். அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட சேலை அடுத்த வீட்டு முருங்கையில். இருமல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

வண்டி இன்று கிளம்பவே இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு என்னைப் பார்க்கிறார். இப்போது நான்தான் அவருக்குக் காது. முன்பெல்லாம் கைப்பிடி தேய்ந்த நீள ஸ்குரு டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்தால் போதும். எந்த பேரிங், எந்த வால்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் வண்டி வரும். இப்போது நான் கேட்டு, சிலேட்டில் எழுதி, அவர் படித்து.

மெக்கானிக் வார்த்தை எனக்குத் தெரியாது. என் வார்த்தையை அவர் கற்றுக்கொண்டார்.

கடுகு = பிளக் ஒயரில் கரன்ட் தாவுகிறது.
பல்லி = பேட்டரியில் சார்ஜ் இல்லை.
ஊறவைத்த அரிசியை ஆட்டுவது = பேரிங்.
கன்றுக்குட்டி = ஃபேன் பெல்ட்.

இன்றைக்கு எழுதியது: "கட். ஒரே ஒரு கட். அப்புறம் ஒன்றுமில்லை. லைட் மங்குகிறது."

பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். பழையபடி கட். பேட்டரியை மாற்றிப் பார்த்தார். கட். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து, சோக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே நின்று ஸ்டார்ட்டரைத் தட்டினார். தட்டினார். தட்டினார். விரல் சுட்டுவிட்டது. கையை உதறினேன்.

"சுட்டுதா?" முகம் முழுக்கச் சிரிப்பு. பெண்டாட்டி விரல் சுட்டதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனுசனை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

விளக்கினார். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வந்த கரன்ட் திரும்பிப் போக பாடிக்கு ஒரு பட்டை ஒயர் உண்டு. அது துருப்பிடித்து அற்றுவிட்டது. போக வழி இல்லாததால் கிடைத்த வழியில், குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்த மெல்லிய சோக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. அதனால்தான் சூடு. தகர டப்பாவில் தேடி ஒரு பட்டை எடுத்து, போல்ட்டு வைக்கும் இடத்தைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி முறுக்கினார். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.

மத்தியானம் சொசைட்டிக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சோக் கம்பியே நினைவில். எங்களுக்குள்ளும் பட்டை அற்றுத்தான் கிடக்கிறது. எல்லாப் பேச்சும் ஒரு சிலேட்டு வழியாகப் போய் வருகிறது. அதுவும் சூடாகத்தான் செய்கிறது.

வாங்க: சாக்பீஸ், சுக்கு, எலுமிச்சை.

மார்ச் 4, புதன்

ஹாரன் சரி. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரின் தோல் தேய்ந்து, இடதுபக்கம் ஒடித்தால் இரும்பில் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றிவிட்டார். அதைச் செய்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

சொசைட்டி முடிந்ததும் இங்கே பக்கத்தில் இருக்கிற சித்தூர் வரை ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் முன் சீட்டில். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னை அறியாமல் பேசிக்கொண்டே வருகிறேன். கேட்காது என்று தெரியும். தொண்டை வலியோடும் பேசுகிறேன். மாட்டைப் பற்றி, மகள் பெங்களூரிலிருந்து போன் செய்யாததைப் பற்றி, வயலில் நிற்கும் கொக்கைப் பற்றி. யாருக்கும் போய்ச் சேராத பேச்சில் ஒரு சுகம் இருக்கிறது. அதே அளவு துக்கமும் இருக்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி திணறி நின்றது. காத்திருந்தோம். கிளம்பியது. மறுபடி நின்றது. இக்னிஷன் காயில் சூடாகிறது என்றார். துணியை நனைத்துப் போட்டார். கிளம்பியது, நின்றது. கார்பரேட்டரில் தூசி என்றார். ஊதினார். கிளம்பியது, நின்றது.

எனக்கோ ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உள்ளுக்குள் சந்தோஷம். பஸ்ஸில் எத்தனையோ தடவை போன பாதை, ஆனால் நாங்களாக ஒரு நாளும் இறங்கி நிற்காத இடங்கள். ஒரு இடத்தில் வாய்க்கால், தண்ணீர் மேல் தென்னை மட்டையின் நிழல் மெதுவாகப் போவதும் வருவதுமாக. இன்னொரு இடத்தில் கள் இறக்குகிறவர் மரத்தின் மேலிருந்து எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம், யாருக்கும் அவசரமில்லை. இப்படியே நின்று நின்று போனால் ஞாயிற்றுக்கிழமை வரவே வராது என்று தோன்றியது.

பெட்டிக்கடையில் முறுக்கு வாங்கி நீட்டினேன். தலையை ஆட்டினார். "வேண்டாம் புள்ள. கடிச்சா மண்டைக்குள்ள இடி இடிக்குது." காது போனவர்கள் கத்துவார்கள் என்பார்கள். இவர் குரல் வரவரச் சன்னமாகிக்கொண்டே போகிறது. தன் குரல் தனக்கு உள்ளே பெரிதாகக் கேட்கிறதாம். நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் இவர் பேசுவதே இல்லை என்று நினைக்கிறார்கள்.

கடைசியாக நின்ற இடத்தில், பெட்ரோல் இருக்கிறதா பார் என்றார். பின்னால் போய் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். எனக்கே உடம்பு லேசானது போல இருந்தது. பின் கண்ணாடித் தூசியில் விரலால் எழுதினேன்: "பெருமூச்சு விட்டது."

படித்தார். மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய மூடி தொலைந்தபோது வேறு வண்டி மூடியைப் போட்டிருந்தார். இதில் காற்றுப் போக ஓட்டை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் இறுகி, பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து ஊசி முனையளவு ஒரு துளை போட்டார். அவ்வளவுதான் வியாதி.

"நீ இல்லீன்னா கார்பரேட்டர அக்கக்காக் கழட்டியிருப்பேன்" என்றார். வாய்விட்டுப் பாராட்டுகிற வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

லேசாகக் காய்ச்சல். சாயங்காலம் சொசைட்டிக்குப் போகவில்லை, சரசக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஷெட்டில் நிழலில் நின்ற வண்டியின் பின் சீட்டில் படுத்தேன். ரெக்ஸின் வாசனை, பெட்ரோல் வாசனை, மேலே தகரத்தில் காற்று. தூங்கிவிட்டேன் போல. கனவில் வண்டி பள்ளிவாசலுக்கு மலை ஏறிக்கொண்டிருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை, சத்தமே இல்லை. நான்தான் ஓட்டுகிறேன். தேயிலைச் செடிகளுக்கு மேல் மஞ்சுமூட்டம், அதற்குள் அவர் நடந்து வருகிறார். கண்ணாடியை இறக்கிக் கூப்பிடுகிறேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. விழித்தபோது தலையணையாக வைத்த கை மரத்துப் போயிருந்தது.

படுத்தபடியே குழாயை நினைத்தேன். பள்ளிவாசலில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்துக்குக் கீழே, கரன்ட் எடுக்கிற இடத்துக்குத் தண்ணீர் போகிற பெரிய இரும்புக் குழாய். ஸ்கூல் விட்டு வரும்போது அதில் காதை ஒட்டவைத்துக் கேட்போம். உள்ளே மலையே இறங்கிப் போகிற மாதிரி இருக்கும். கல்யாணமாகி முதல் தடவை அங்கே போனபோது இவரையும் கூட்டிப்போய்க் கேட்கச் சொன்னேன். கன்னத்தை இரும்பில் வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டார். புது மாப்பிள்ளை ஏதோ அழகாகச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். "கீழ ஒரு பேரிங் போயிருச்சு" என்றார்.

கோயமுத்தூர் டாக்டர் சொன்னதையும் நினைத்தேன். போன வருடம். நரம்பில் கோளாறு இல்லை, உள்காது நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் இருக்கும் குட்டி எலும்பு இறுகிவிட்டது, சத்தம் உள்ளே போக வழி இல்லை, ஆபரேஷன் செய்தால் கேட்க வாய்ப்பு அதிகம் என்றார். அத்தனையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். "எல்லாத்துக்கும் இதேதான் சொல்லுவாங்க. செத்த காது செத்ததுதான்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது பாதி வழியில் சொன்னார்: "ஆபரேசன் பண்ணி, அப்பவும் கேக்கலீன்னா? அப்பறம் நெனச்சுக்கிட்டு இருக்கறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது புள்ள." அதற்குமேல் நான் எழுதவில்லை. வாங்கித் தந்த காது மெஷினையும் இரண்டு நாள் மாட்டிவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார்.

சுக்குக் கஷாயம். கசப்பு.

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல் இல்லை. குரல் அடியோடு கட்டிவிட்டது. சொசைட்டியில் பாலில் கொழுப்பு எவ்வளவு என்கிற ஃபேட் கணக்கை நான் சொன்னது யாருக்கும் புரியாமல் விரலால் காட்டினேன். "ஊமையும் செவுடுமா நல்ல சோடிதான்" என்று வரிசையில் யாரோ. சரசக்கா அப்படிச் சொன்னவர் பாலை மட்டும் நுரை அடங்கும்வரை நிற்கவைத்து அளந்தாள்.

வண்டியில் புதிதாக ஒன்று. டிக் டிக் டிக். இன்ஜின் வேகம் ஏறினால் அதுவும் ஏறுகிறது. எழுதினேன்: "தையல் மெஷின், மெதுவாக. மேலே இருந்து வருகிறது."

"டேப்பட்டு" என்றார் உடனே. மேல் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் நடுவில் அந்த மெல்லிய தகட்டை விட்டு விட்டுப் பார்த்தார். எல்லாம் அளவாக இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் இறுக்கி மூடினார். ஓட்டினோம். டிக் டிக். மறுபடி கழற்றினார். மறுபடி மூடினார். டிக் டிக். வெயிலில் முதுகுச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"நல்லாக் கேளு. மேலயா கீழயா?"

மேலே போலத்தான் இருந்தது. தகர ஷெட்டில் எல்லாச் சத்தமும் எங்கிருந்தும் வருகிறது. "மேலே" என்றே எழுதினேன்.

மூன்றாவது தடவை மூடிய பிறகு ஸ்பானரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், அதே சன்னக் குரலில்: "உன்ற காதும் போச்சா?"

கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிலேட்டை எடுத்தேன். எழுதினேன்: "என் காது இருக்கிறது. உங்கள் காதும் இருக்கிறது. நீங்கள்தான் பயந்துகொண்டு பூட்டிவைத்திருக்கிறீர்கள்."

படித்தார். உள்ளங்கையால் அழித்தார். கையில் ஒட்டிய சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எழுதியது தப்பில்லை. ஆனால் அழிந்துபோனதைப் பார்க்க முடியாமல் சிலேட்டைக் கவிழ்த்துவைத்தேன். இரவுக்கு ரசம் மட்டும். இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 7, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் சொசைட்டி முடிந்து வந்தபோது ஷெட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிடாமலே ஆரம்பித்துவிட்டார். கோபம் இருக்கிறது என்று அர்த்தம். நான் வாசல் தூணோடு நின்றேன். டிக் டிக் அப்படியே.

பானெட்டுக்குள் குனிந்திருந்தார். இரண்டு கையும் ஏதோ குழாயைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. அந்த நீள ஸ்குரு டிரைவரை வைக்க இடமில்லாமல் மரப்பிடியைப் பல்லில் கடித்திருந்தார். கத்தியை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும் மாட்டு வியாபாரி மாதிரி. இன்னும் கொஞ்சம் குனிந்தார். முனை இன்ஜினில் தொட்டது.

அப்படியே நின்றுவிட்டார்.

கை ஓய்ந்தது. தோள் இறங்கியது. கண் மூடியிருந்தது. பிளக் ஒயரில் கை பட்டு ஷாக் அடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன்.

"அணைக்காத." வாயில் பிடியோடு, பல்லுக்கு இடையில். "அணைக்காத புள்ள. போடு. போடு."

போட்டேன்.

ஸ்குரு டிரைவரைப் பல்லில் கடித்தபடி முனையை இன்ஜின் மேல் நகர்த்தினார். மேல் மூடி. அங்கே கொஞ்சம். டைனமோ. அங்கே கொஞ்சம். ஒவ்வொரு இடத்திலும் கோயிலில் நிற்பது மாதிரி நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து மீசைக்குள் போனது, துடைக்கவில்லை, அது வருவதே தெரிந்த மாதிரி இல்லை. இன்ஜினின் பக்கவாட்டில், பெட்ரோல் பம்பில் முனையை வைத்தார். தலை சட்டென்று நிமிர்ந்தது.

"இங்க. இங்கதான். பம்புல இருக்கற நெம்புகோலு. ஸ்பிரிங்கு தளந்துபோச்சு. இதும் டேப்பட்டு மாதிரியேதான் அடிக்கும், அதே தாளம்." பிடியை வாயிலிருந்து எடுத்தார். "உம்மேல தப்பில்ல. நானா இருந்தாலும் மேலன்னுதான் சொல்லியிருப்பேன்."

பிறகுதான் தாம் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கே எட்டியது. பம்பு மேல் கையை ஊன்றிக்கொண்டார், இன்ஜின் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முறுக்கு. இடி. குழாயில் ஒட்டிய கன்னம். டாக்டர் சொன்ன குட்டி எலும்பு. எல்லாம் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெளி வழிதான் அடைத்திருக்கிறது. பல் வழியாக, மண்டை எலும்பு வழியாகப் போனால் உள்ளே ஆள் இருக்கிறார். இத்தனை நாளும் இருந்திருக்கிறார்.

நான் இன்ஜினை அணைத்தேன். பக்கத்தில் போனேன். அவர் கையிலிருந்த ஸ்குரு டிரைவரின் பிடியைத் திரும்ப அவர் வாயில் வைத்தேன். முனையில் கிரீஸ். முந்தானையைச் சுற்றிப் பிடித்து என் தாடையெலும்பில் ஒட்டவைத்துக்கொண்டேன். முனையின் வெதுவெதுப்பு துணி வழியாகவும் தெரிந்தது. அவர் கண் என் கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படிக் கூச்சப்படவில்லை.

என்ன சொல்வது? சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. காலையிலிருந்து வாயில் இருந்ததுதான் வந்தது.

"ஃபேட் நாலு புள்ளி ரெண்டு. தண்ணி இல்ல. அடுத்த ஆளு வாங்க."

அவர் ஸ்குரு டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தன நாளா உனக்குத் தொண்ட கட்டியிருக்குது?"

அப்போதுதான் அழுதேன். அதுவரை அழவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. காலையில் பம்பு ஸ்பிரிங் மாற்றினார். டிக் டிக் இல்லை. கழுவித் துடைத்தோம், பச்சைப் பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது.

பதினொரு மணி வாக்கில் மானேஜர் வந்தார், கூடவே தங்கராசும். இளம் வயசு, வெள்ளைச் சட்டை, மலையாளம் கலந்த தமிழ். சுற்றி வந்து போனில் படம் எடுத்தார்.

"சேச்சி, வண்டி அடிபொளி. ஓடணும்னு ஒண்ணும் இல்ல. வாசல் கேட் பக்கத்தில நிறுத்தினா போதும். உள்ளே செடி வைக்கலாம்."

செடி என்றதை நான் எழுதிக் காட்டவில்லை. ஆனால் இவர் மானேஜரின் உதட்டைப் பார்த்துவிட்டார் போல. கையைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நான் கோயமுத்தூரு போகோணும். காதுக்கு ஆபரேசன். இந்த வண்டியிலதான் போறேன். போயிட்டு வந்து கேட்டுச்சுன்னா வண்டி எனக்கு. கேக்கலீன்னா நீங்க வந்து எடுத்துக்கங்க, செடியோ கொடியோ வெச்சுக்கங்க."

மானேஜர் என்னைப் பார்த்தார், நான் தங்கராசைப் பார்த்தேன், தங்கராசு வாயைத் திறந்தபடி நின்றான். "அத்தான் என்னக்கா சொல்லுதாரு? ஆபரேசனா?"

"ஆமாலே" என்றேன். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

"ஆகட்டும், நான் வெயிட் செய்யறேன்" என்றார் மானேஜர், நல்ல பையன். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

பயம் எனக்கும் இருக்கிறது. கேட்காமல் போனால் அவர் சொன்னபடி வண்டி போய்விடும், சொன்ன சொல் மாற மாட்டார். ஆனால் பயந்தபடியே போகலாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நாளைக்கு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். நான்தான் செய்ய வேண்டும்.

சாயங்காலம் சொசைட்டியிலிருந்து வந்தேன். சுக்குக் காபி போட்டு மூடி வைத்திருந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. ஆள் ஷெட்டில், வண்டியின் முன் சீட்டில். கதவைத் திறந்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார். மடியில் ஸ்குரு டிரைவர். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, முனையில் மெத்தென்று துணி சுற்றி நூலால் கட்டியிருந்தார்.

உட்கார்ந்தேன். துணி சுற்றிய முனையை என் பக்கம் நீட்டினார்.

"சொல்லு."

"என்ன சொல்ல?" என்று உதட்டை அசைத்தேன்.

"என்னமோ. இன்னைக்குப் பால் கணக்கு."

சொன்னேன். சரசக்கா வீட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வீடாக.